பெற்றோர் மனப்பான்மை அளவுகோல்: எல்லாரும் 5 போடுகிறார்கள், ஆல்ஃபா மட்டும் 0.91

#1 தும்பி

3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் மண், செடி, பூச்சி, மழை என்று வெளியே பழகுவதைப் பெற்றோர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்க ஒரு வினாப்படிவம் தயாராகிறது. 24 கூற்றுகள். ‘முற்றிலும் மறுக்கிறேன்’ 1, ‘முற்றிலும் ஏற்கிறேன்’ 5. முன்னோட்டமாக 60 பெற்றோரிடம் கொடுத்ததில் வந்ததெல்லாம் 4, 5 தான். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.91. “0.7 தாண்டினாலே போதும், அப்படியே களத்துக்குப் போகலாம்” என்று ஒரு பேச்சு. ஆனால் பிள்ளையைத் தினமும் வெளியே விடுகிறவரும், வாசற்படி தாண்ட விடாதவரும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் வாங்குகிறார்கள். மாதிரிக்கு ஐந்து கூற்றுகள்:

3. குழந்தைகள் இயற்கையோடு இணைந்து வளர வேண்டும்.
8. இயற்கைச் சூழலில் விளையாடுவது குழந்தையின் உடல் வளர்ச்சிக்கும் மன வளர்ச்சிக்கும் நல்லது.
15. என் குழந்தை மண்ணில் விளையாடக் கூடாது என்று நான் நினைப்பதில்லை.
19. பூச்சிகளும் பாம்புகளும் இருப்பதால் வெளியே விடப் பயமாக இருக்கிறது.
22. எங்கள் வீட்டுக்கு அருகில் பூங்கா இல்லை.

எங்கே இடிக்கிறது?

#2 காரணிக்காரன்

முதலில் அந்த 0.91-ஐ இறக்கி வைப்போம். ஆல்ஃபா இரண்டு விஷயத்தால் ஏறும்: கூற்றுகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவு (ஒன்றின் விடை ஏறும்போது மற்றதும் சேர்ந்து ஏறும் அளவு), கூற்றுகளின் எண்ணிக்கை. சராசரி ஒட்டுறவு வெறும் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 கூற்றுக்கு 24 × 0.3 = 7.2, அதை 1 + (23 × 0.3) = 7.9 ஆல் வகுத்தால் 0.91. அதே 0.3 ஒட்டுறவோடு 6 கூற்று மட்டும் இருந்தால் 1.8-ஐ 2.5 ஆல் வகுக்க 0.72. கூற்றுகளின் தரம் துளிகூட மாறவில்லை, நீளம் மட்டும்தான் மாறியது. 1951-இல் க்ரான்பாக் எழுதிய கட்டுரை முதலே தெரிந்த சங்கதி இது. என்றாலும் இன்னும் ஆல்ஃபாவைக் காட்டி ‘கருவி சரி’ என்று சான்று கொடுக்கிறார்கள். ‘இந்தக் கூற்றுகள் ஒரே பக்கம் சாய்கின்றன’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது.

உங்கள் உண்மையான சிக்கல் கூரை முட்டுவது. 3-ஆம் கூற்றை மறுக்கிற பெற்றோர் யார்? அது ஒரு விழுமியம். விழுமியத்தை மறுப்பவர்கள் அரிது. மறுக்க நினைப்பவரும் படிவத்தில் மறுக்க மாட்டார். எல்லாரும் 5 போட்டால் பரவல் சுருங்கும். பரவல் சுருங்கினால் நடத்தையோடு ஒட்டுறவும் சேர்ந்து சுருங்கும். பிறகு ‘மனப்பான்மைக்கும் நடத்தைக்கும் தொடர்பில்லை’ என்று முடிவெழுதுவீர்கள். அது பெற்றோரைப் பற்றிய கண்டுபிடிப்பே அல்ல, அளவுகோல் மழுங்கியதன் அடையாளம்.

ஒவ்வொரு கூற்றுக்கும் அலைவெண் அட்டவணை போடுங்கள். ஒரே விடையில் 80 சதவீதத்துக்கு மேல் குவிந்தால் அந்தக் கூற்று தள்ளுபடி. இது என் கைவிதிதான். 75 என்று வைத்தாலும் வழக்கில்லை.

#3 மண்புழு

காரணிக்காரன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அய்செனும் ஃபிஷ்பைனும் 1977-இல் வைத்த பொருத்த விதி: மனப்பான்மையும் நடத்தையும் நான்கு விஷயத்தில் ஒத்துப்போனால்தான் ஒன்றைக்கொண்டு மற்றதைக் கணிக்க முடியும். எதை நோக்கி, என்ன செயல், எந்தச் சூழலில், எப்போது. ‘குழந்தைகள் இயற்கையோடு இணைய வேண்டும்’ என்பதில் நான்குமே இல்லை. யார் குழந்தை? இணைவது என்றால் தொடுவதா, சன்னல் வழியாகப் பார்ப்பதா?

3-ஆம் கூற்றை இப்படி உடைக்கலாம். தலைப்பு வரி: “உங்கள் பிள்ளை கீழே உள்ளதைச் செய்ய நினைத்தால்…” அதன் கீழே:

புல்தரையில் வெறுங்காலோடு நடப்பது
கையால் மண்ணைத் தோண்டுவது
மண்புழுவைக் கையில் எடுத்துப் பார்ப்பது
சேற்றில் உடை நனைய விளையாடுவது
தன் உயரத்துக்கு மரக்கிளையில் ஏறுவது

விடையில் 1–5 உடன்பாடு வேண்டாம். நான்கு கட்டம் போதும்: ‘விட மாட்டேன்’, ‘பக்கத்திலேயே நின்றால் விடுவேன்’, ‘என் கண்பார்வையில் இருந்தால் விடுவேன்’, ‘நான் பார்க்காவிட்டாலும் விடுவேன்’. 0, 1, 2, 3. புல்லில் நடப்பது எல்லாருக்கும் எளிது, மரம் ஏறுவது கடினம் என்று படிப்படியாக இறங்கும்படி அடுக்கியிருப்பதால் பெற்றோர் தானாகவே பரவுவார்கள். குட்மன் 1944-இல் சொன்ன படிக்கட்டு அளவுகோலின் நிழல் இது. முழுமையான குட்மன் வரிசை வாழ்க்கையில் அமையாது, அதற்காக மெனக்கெடவும் வேண்டாம். மண்புழுவுக்கு முகம் சுளிப்பவர் மரம் ஏற விடுவார். அருவருப்பு வேறு, விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு.

#4 எழுத்தாணி

மொழிப் பக்கம் நான் பார்க்கிறேன். 15-ஆம் கூற்றைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். “விளையாடக் கூடாது என்று நான் நினைப்பதில்லை” – இதை “மறுக்கிறேன்” என்றால் என்ன பொருள்? கூடாது ஒன்று, இல்லை ஒன்று, மறுப்பு ஒன்று, ஆக மூன்று எதிர்மறை. வேகமாகப் படிப்பவர் ‘கூடாது’ என்ற சொல்லோடு நின்றுவிடுவார், கவனமாகப் படிப்பவர் இரண்டு முறை படித்துவிட்டு 3-இல் குறி போடுவார். இரண்டும் உங்களுக்குப் பயனில்லை.

19-இல் ‘பூச்சிகளும் பாம்புகளும்’. அந்த ‘உம்’ இரண்டு கேள்வியை ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. எறும்புக்குப் பயப்படாதவர் பாம்புக்குப் பயப்படுவார். 8-இலும் ‘உடல் வளர்ச்சிக்கும் மன வளர்ச்சிக்கும்’. கூற்று எழுதி முடித்ததும் ‘உம்’, ‘மற்றும்’, ‘அல்லது’, ‘-ஆல்’, ‘-ஆதலால்’ எல்லாவற்றையும் தேடி அடிக்கோடு போடுங்கள். 19-இன் ‘இருப்பதால்’ இன்னொரு பொறி: பயம் உண்டு, ஆனால் காரணம் பூச்சி அல்ல, சாலை வண்டிகள் என்றால் அவர் எங்கே குறி போடுவார்?

பெரிய வில்லங்கம் ‘இயற்கை’ என்ற சொல்லேதான். நம் மொழியில் அது ஏகப்பட்ட சுமை தூக்குகிறது. இயற்கை உணவு, இயற்கை மருத்துவம், இயற்கை எரிவாயு, இயற்கை எய்தினார். படிவத்தில் ‘இயற்கையோடு வளர்வது’ என்று படித்ததும் ரசாயனம் இல்லாத சாப்பாட்டை நினைத்துப் பதில் சொல்வோர் உண்டு. கூற்றுகளில் அந்தச் சொல்லே வராமல் மரம், மண், பூச்சி, பறவை, குளம், மழை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். முன்னுரையில் ஒரே ஒரு தடவை வந்தால் போதும்.

அதேபோல ‘அனுமதிக்கிறேன்’ வேண்டாம், ‘விடுவேன்’ எழுதுங்கள். ‘அனுமதி’ என்றதும் அலுவலகத் தொனி வந்து, பெற்றோர் விறைப்பாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

#5 தும்பி

மண்புழுவின் அடுக்கு பிடித்திருக்கிறது. ஆனால் 3 வயதுப் பிள்ளையின் பெற்றோர் ‘பக்கத்திலேயே நின்றால்’ என்பதும், 6 வயதுப் பிள்ளையின் பெற்றோர் அதையே சொல்வதும் ஒன்றா? இரண்டு பிள்ளை இருந்தால் யாரை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள்?

இன்னொன்று. ஒரே பக்கம் சாயாமல் இருக்கப் பாதிக் கூற்றுகளைத் தலைகீழாக எழுத வேண்டும் என்று புத்தகங்களில் இருக்கிறதே?

#6 களப்பணி

ஒன்றல்ல. அதனால் படிவத்தின் உச்சியில் ஒரு பிள்ளையை நிறுத்திவிடுங்கள்: “3 முதல் 6 வயதுக்குள் ஒன்றுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால், யாருக்குப் பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரை மட்டும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.” யார் செல்லம், யார் வம்பு என்ற சாய்வு இல்லாமல் கிட்டத்தட்டக் குலுக்கல் முறையில் ஒரு பிள்ளை அமையும். வயதை மாதக்கணக்கில் கேளுங்கள், பகுப்பாய்வில் அதன் தாக்கத்தைக் கழித்துப் பார்க்க அதைக் கட்டுப்பாட்டு மாறியாக வையுங்கள். 40 மாதமும் 70 மாதமும் ஒரே கூடையில் கிடந்தால் நீங்கள் அளப்பது மனப்பான்மையை அல்ல, வயதை.

வீட்டுக்கு ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு படிவம் நிரப்பினால் அவை தனித்தனி விடைகள் ஆகா. ஒருவர் சொல்ல மற்றவர் குறி போட்டதாகவும் இருக்கலாம். இருவரையும் ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் தனி அறையில், ஒரே நேரத்தில், குடும்ப எண் போட்டு வாங்கி, இணைத் தரவாகவே கணக்கிடுங்கள்.

வாசித்துக் காட்டிப் பதில் வாங்குவதானால் ஐந்து புள்ளியும் ஒரே மூச்சில் காதில் ஏறாது. இரண்டு படியாகக் கேளுங்கள். முதலில் “ஒத்துக்கிறீங்களா, இல்லையா?” அடுத்து “முழுசாவா, ஓரளவா?” விடை அட்டையைக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. கேட்பவர் தலையாட்டக் கூடாது, “ம்ம், நல்லது” என்றும் சொல்லக் கூடாது. அந்த ஒரு ‘நல்லது’ அடுத்த பத்து விடைகளைத் தூக்கிவிடும்.

#7 காரணிக்காரன்

தலைகீழ்க் கூற்று பற்றி. எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடும் பழக்கத்தை ஈடுகட்டத்தான் அந்த யோசனை. நோக்கம் சரி, கை வேலை பெரும்பாலும் தப்பு. ஒரு நல்ல வாக்கியத்தில் ‘இல்லை’யைச் செருகினால் அது தலைகீழ்க் கூற்று ஆகாது, குழப்பம் ஆகும். எந்தக் கூற்றுகள் ஒன்றாகத் திரள்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் அந்த ‘இல்லை’க் கூற்றுகள் மட்டும் தனியாக ஒரு காரணியாகத் திரளும். உடனே அதற்கு ‘எதிர்மறை மனப்பான்மை’ என்று பெயர் சூட்டிவிடுவார்கள். அங்கே திரண்டது இலக்கணம், வேறொன்றுமில்லை.

எதிர்ப்பக்கம் வேண்டுமானால் பொருளால் எதிராக எழுதுங்கள்: “மண்ணில் விளையாடினால் பிள்ளைக்கு நோய் வரும்.” நேர்வாக்கியம், ஆனால் எதிர்த் திசை. பிறகு குறியீட்டை மறக்காமல் திருப்புங்கள்: 5 புள்ளி என்றால் 6 கழித்தல் விடை. ஒருவர் விரிதாளில் திருப்பியதை இன்னொருவர் மென்பொருளில் மறுபடி திருப்பிவிடுவதும் சகஜம். ஒவ்வொரு கூற்றும் மொத்த மதிப்பெண்ணோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று காட்டும் கூற்று–மொத்த ஒட்டுறவுப் பட்டியலில் எங்காவது கழித்தல் குறி தெரிந்தால் கோட்பாட்டை யோசிக்கும் முன் இதைச் சரிபாருங்கள். திருப்பிய மதிப்பைப் பழைய நெடுவரிசை மேல் எழுதாமல் ‘கூ15_தி’ என்று புதிதாக ஒன்றில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போகும்.

‘தெரியாது’, ‘பொருந்தாது’ என்று கட்டம் வைத்து அதற்கு 9 என்று எண் கொடுப்பீர்கள். விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்தால் சராசரி ஜம்மென்று ஏறும். 5-க்கு மேல் உச்ச மதிப்பு உண்டா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

#8 மண்புழு

22-ஆம் கூற்று. ‘அருகில் பூங்கா இல்லை’ என்பது மனப்பான்மையே அல்ல, சூழ்நிலை. அது இந்த மொத்தத்தில் சேரவே கூடாது. தனிப் பகுதியாக வைத்து, நடந்து போகும் நேரம், நிழல், சாலை கடக்க வேண்டுமா என்று தகவலாகக் கேளுங்கள்.

மீதியை நான் நான்காகப் பிரிப்பேன்: நன்மை உண்டு என்ற நம்பிக்கை, ஆபத்துப் பயம், அழுக்கும் அருவருப்பும் தரும் சங்கடம், எவ்வளவு தூரம் விடுவார் என்ற இசைவு. ஒவ்வொன்றுக்கும் எழுதும்போது 10 கூற்று, கடைசியில் நிற்பது 5 அல்லது 6. இந்த நான்கையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்க வேண்டாம். நன்மையை முழுதாக நம்பிக்கொண்டே நடுங்குகிற பெற்றோர் ஏராளம். கூட்டினால் அவர் நடுவில் விழுவார். எதிலும் அக்கறையில்லாதவரும் அதே நடுவில் விழுவார். அவர்கள் இருவரையும் பிரித்துக் காட்டத்தானே இந்தப் பாடு?

பயம் அதிகம் என்றால் ‘மோசமான மனப்பான்மை’ என்று எழுதாதீர்கள். மூடாத கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தப் பயம் நியாயமானது. சூழ்நிலைப் பகுதியைத் தனியாக வைக்கச் சொன்னது அதற்காகவும்தான்.

#9 தும்பி

ஏற்கெனவே உள்ள கருவி எதையாவது மொழிபெயர்த்துவிட்டால் என்ன? இயற்கையோடு தொடர்பு பற்றி நிறைய இருக்கிறதே.

#10 எழுத்தாணி

இருக்கிறது, ஆனால் யாரை அளக்கிறது என்று பாருங்கள். மேயர், ஃபிராண்ட்ஸ் 2004-இல் வெளியிட்டது 14 கூற்று. நிஸ்பெட் குழுவினர் 2009-இல் தந்தது 21 கூற்று. இரண்டும் பதில் சொல்பவருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைக் கேட்கின்றன. செங், மன்ரோ இருவரின் 2012 கருவி பிள்ளைகளையே கேட்கிறது. உங்கள் கேள்வியோ, பெற்றோர் தம் பிள்ளைக்கு எதை விடுகிறார்கள் என்பது. தனக்குக் காடு பிடிக்கும், பிள்ளையை விட மாட்டேன் என்பவருக்கு அந்தக் கருவிகளில் உயர்ந்த மதிப்பெண் வரும். பெற்றோரின் சொந்த ஈடுபாட்டைத் துணைமாறியாக அளக்க அவற்றில் ஒன்றைப் பயன்படுத்தலாம்.

மொழிபெயர்த்தால் பிரிஸ்லின் 1970-இல் விளக்கிய பின்மொழிபெயர்ப்பு முறையைச் சொல்வார்கள்: ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மாற்றுவார். அதில் ஒரு ஓட்டை. இரண்டாமவர் கெட்டிக்காரர் என்றால் நொண்டித் தமிழையும் ஊகித்து மூலத்துக்குக் கொண்டுபோய்விடுவார். தாள் பொருந்தும், பெற்றோருக்குப் புரியாது. அதனால் 8 முதல் 12 பெற்றோரோடு உட்கார்ந்து “இதை உங்க வார்த்தையில சொல்லுங்க”, “எதை நினைச்சு இந்தக் கட்டத்துல போட்டீங்க?” என்று ஒவ்வொரு கூற்றுக்கும் கேளுங்கள். புதிதாக எழுதிய கூற்றுக்கும் இதேதான். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் கூற்றை மாற்றுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள்.

#11 காரணிக்காரன்

நிபுணர் குழு வைப்பதானால், ஒரு கூற்று அவசியம் என்று அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் எனக் காட்டும் லாஷேயின் 1975 விகிதம் கைக்கணக்கிலேயே போடலாம். ‘அவசியம்’ என்றவர் எண்ணிக்கையில் குழுவின் பாதியைக் கழித்து, அந்தப் பாதியால் வகுக்க வேண்டும். 10 பேரில் 9 பேர் என்றால் (9 − 5) ÷ 5 = 0.8. 8 பேர் என்றால் 0.6, அவர் அட்டவணையில் 10 பேருக்கு வேண்டியது 0.62, மயிரிழையில் தவறும். 5 பேர்தான் குழு என்றால் ஐவரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே தேறும். குழுவில் எல்லாரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களாக இருந்தால் பயம், அழுக்கு பற்றிய கூற்றுகளை வெட்டித்தள்ளுவார்கள். பிள்ளை மருத்துவர் ஒருவர், மழலையர் ஆசிரியர் ஒருவர், வெளியே விடத் தயங்கும் பெற்றோர் இரண்டு பேராவது இருக்கட்டும்.

அடுத்தது காரணிப் பகுப்பாய்வு. 60 பேரை வைத்துக் கனவிலும் வேண்டாம். ஆராய 200-க்கு மேல், உறுதிப்படுத்த இன்னொரு 200-க்கு மேல், வேறு ஆட்கள். அதே தரவில் காரணியைக் கண்டுபிடித்து அதே தரவில் உறுதிசெய்வது, கேள்வித்தாளைத் தயாரித்தவரே பரீட்சை எழுதுவது மாதிரி. மென்பொருள் தானாகக் கொடுக்கும் ‘முதன்மைக் கூறு, வாரிமேக்ஸ், ஐகன் மதிப்பு 1-க்கு மேல்’ கூட்டணியை விட்டுவிடுங்கள். ஐகன் மதிப்பு (ஒரு காரணி விளக்கும் பரவலின் அளவு) 1-ஐத் தாண்டிய காரணியை எல்லாம் வைத்துக்கொள்ளும் விதி காரணிகளை அளவுக்கு மீறிப் பெருக்கும். தற்செயல் தரவோடு ஒப்பிட்டுக் காரணிகளை எண்ணும் ஹார்னின் 1965 இணைப் பகுப்பாய்வு அதைவிட நம்பத்தக்கது. வாரிமேக்ஸ் சுழற்சி காரணிகளை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக நிறுத்தும். பயமும் இசைவும் தொடர்பற்றவையா? காரணிகளுக்குள் தொடர்பு இருக்க விடும் ஆப்ளிமின் போன்ற சாய்வுச் சுழற்சியே பொருந்தும். நான்கு கட்ட விடைக்கு, படிநிலை விடைகளுக்கென்றே உள்ள பாலிகோரிக் ஒட்டுறவு. ‘ஆர்’ மென்பொருளில் ‘சைக்’ தொகுப்பு இவ்வளவையும் செய்யும், ஆல்ஃபாவுக்கு மாற்றான ஒமேகாவையும் சேர்த்துத் தரும்.

#12 களப்பணி

நல்லவராகக் காட்டிக்கொள்ளும் ஆசையை யாரும் தொடவில்லை. அதை அளக்கும் கிரவுன், மார்லோ 1960 அளவுகோலில் 33 கூற்று. உங்கள் படிவத்தைவிட நீளம். அதைவிட ஹார்டர் கையாண்ட இரட்டை வாக்கிய வடிவம் இதற்குப் பொருத்தம்: “சில பெற்றோர் உடை அழுக்காவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேறு சில பெற்றோர் பிள்ளை சுத்தமாக இருப்பதையே விரும்புகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்? கொஞ்சமா, நிறையவா?” இரண்டு பக்கமும் மரியாதையாக இருப்பதால் கூச்சமில்லாமல் சொல்வார்கள். முன்னுரையில் ‘இயற்கையின் நன்மைகள் பற்றிய ஆய்வு’ என்று எழுதிக் காரியத்தைக் கெடுக்காதீர்கள். ‘பிள்ளைகளின் விளையாட்டு நேரம் பற்றிய கேள்விகள்’ போதும்.

விட்டுக்கொடுப்பைக் கேட்பதும் உதவும். ஓய்வான பிற்பகலுக்கு 10 வில்லைகள்: வெளியே விளையாட்டு, எழுத்துப் பயிற்சி, திரை, உறவினர் வீடு, தூக்கம் என்று பங்கு போடச் சொல்லுங்கள். ஒன்றில் கூட்டினால் மற்றதில் குறைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் 5 போட வழியில்லை. ஆனால் மொத்தம் எப்போதும் 10 என்பதால் இந்த எண்களைக் காரணிப் பகுப்பாய்வில் போடக் கூடாது. ஒட்டுறவுகள் செயற்கையாகக் கழித்தல் பக்கம் சாயும். ‘வெளியே’ வில்லைகளை மட்டும் தனி மாறியாக எடுங்கள்.

#13 தும்பி

நடத்தையை எப்படி அளப்பது? ‘வாரத்தில் எத்தனை மணி நேரம் வெளியே?’ என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன்.

#14 களப்பணி

அதற்குக் கிடைப்பது ஊகம். 7, 10, 14 என்று உருண்டையான எண்களாக வரும். “நேற்று” என்று கேளுங்கள். எழுந்ததிலிருந்து தூங்கும்வரை அரைமணிக் கட்டங்களாக ஒரு தாள், எங்கே இருந்தான், யார் கூட. ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள். அந்த நாளில் மழையா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், அது பெற்றோர் கையில் இல்லை. இந்தத் தாளை மனப்பான்மைக் கூற்றுகளுக்கு முன்னால் கொடுங்கள். பின்னால் கொடுத்தால் சொன்ன கொள்கைக்கு ஏற்றபடி நேற்றைய நாள் திருத்தி எழுதப்படும்.

மறுசோதனை 2 முதல் 3 வாரத்துக்குள், அதே பருவத்தில். கோடையில் ஒன்றும் மழைக்காலத்தில் ஒன்றும் வாங்கி ‘நிலைத்தன்மை குறைவு’ என்று புலம்பிப் பயனில்லை. சேறு பற்றிய கூற்று அப்போது உண்மையாகவே மாறியிருக்கும்.

#15 மண்புழு

தனிப்பட்ட பெற்றோரை ‘உயர்’, ‘தாழ்’ என்று முத்திரை குத்தும் எண்ணம் இருந்தால் ஒரு கணக்கு. ஒரு பகுதியின் திட்ட விலக்கம் 0.5, நம்பகத்தன்மை 0.84 என்று வையுங்கள். அளவீட்டுப் பிழை 0.5 × √0.16 = 0.2. 95 சதவீத எல்லை என்றால் இருபக்கமும் ஏறத்தாழ 0.4. அதாவது 3.4-உம் 3.7-உம் ஒரே ஆளாக இருக்கலாம். குழுக்களை ஒப்பிடலாம், ஒரு அம்மாவைக் கூப்பிட்டு அறிவுரை சொல்ல இந்த எண் தாங்காது.

#16 தும்பி

3, 8, 15, 22 போய்விட்டன. 19 மூன்றாகப் பிரிந்தது: பூச்சிக்கடி, பாம்பு, வண்டி. நான்கு பகுதிக்கும் 10 வீதம் 40 எழுதி, முதலில் 10 பெற்றோரோடு வாய்விட்டுப் பேசும் சுற்று. மரம் ஏறும் கூற்றில் ‘தன் உயரத்துக்கு’ என்பதை ஒருவர் பெற்றோரின் உயரம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறதா?

#17 எழுத்தாணி

நிச்சயமாக. ‘தன்’ யாரைச் சுட்டுகிறது என்று தமிழ் வாசகர் எழுவாயைத் தேடுவார், உங்கள் எழுவாயோ தலைப்பு வரியில் தங்கிவிட்டது. ‘பிள்ளையின் தலை உயரத்தில் உள்ள கிளையில் ஏறுவது’ என்று எழுதுங்கள். தலைப்பு வரி பக்கம் மாறி அச்சானால் அடுத்த பக்கத்திலும் அதை மறுபடி போடுங்கள்.